கோரஸ் பாடுபவர்களுக்கும் மைக் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்வீடனின் ‘அபா’ இசைக்குழு பற்றிய உங்கள் கட்டுரையை விரும்பிப் படித்தேன். 1974-இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றது, 1982-க்குப் பிறகு ஒதுங்கியது, 2021-இல் புது ஆல்பத்தோடு திரும்பியது எல்லாம் சரியாகவே வந்திருந்தன. குழுவில் பாடிய அக்னேதா, ஃப்ரீடா என்ற இரண்டு பெண்களின் குரல்களைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை. அக்னேதாவின் குரல் மேலே ஏறி நிற்கும், ஃப்ரீடாவின் குரல் அதற்குக் கீழே கனமாக ஓடும். ஒரே வரியை இருவரும் மறுபடி மறுபடி பாட, டேப்பின் வேகத்தை இம்மியளவு மாற்றி அவற்றை அடுக்கினார்கள். இரண்டு பெண்கள் பாடியது பெரிய கூட்டமே பாடியது போலக் கேட்பது அதனால்தான்.

மதுரைப் பக்கமும் சேர்ந்து பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சி.எஸ்.ஐ. தேவாலயங்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரலில் பாடுவதைக் கேட்கலாம். அங்கே பழகிய பிள்ளைகள் சிலர் கச்சேரி மேடைக்கும் வருகிறார்கள். வந்து என்ன பயன்? மேலூர், உசிலம்பட்டிப் பக்கத் திருவிழாக்களில் முன்னால் பாடுபவருக்குத் தனி மைக். கோரஸ் பாடும் மூன்று பெண்களுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதையும் மிக்சரில் குறைத்துவிடுகிறார்கள்.

விழாக் கமிட்டியினர் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஆளுக்கொரு மைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வாடகை, வாணவேடிக்கைச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. அப்புறம், நோட்டீஸில் அந்தப் பெண்களின் பெயரையும் போடுங்கள்.

– ஒரு வாசகி, அனுப்பானடி, மதுரை