இரண்டாம் தவணை நிறைவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் பாடசாலைக்குப் பெருமை சேர்த்தார்கள். சிரமதானத்துக்கு வந்து உதவிய எல்லோருக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், தவணை முழுக்க என் மனதில் கிடந்த ஒரு விடயம்.

காலை முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். காய்ச்சலோ, சாப்பிடாமல் வந்தார்களோ என்றுதான் முதலில் விசாரித்தோம். இரவு ஒரு மணிவரை போன் பார்த்ததாக அவர்களே சொன்னார்கள். தரம் 8 பிள்ளை ஒருவருக்கு வயிற்றுவலி. அம்மாவின் இலக்கத்தைக் கேட்டால், "அது போனில இருக்கு சேர்" என்றார். இப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். இது என்ன காற்று என்று தரம் 7 இல் கேட்டேன். "போனில பாத்துச் சொல்லவா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. முகத்தில் படும் காற்றை வைத்தே கடலுக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுக்கிறவரின் பிள்ளை அது. அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

போன் உங்கள் வீட்டுக்குள் வந்ததில் எங்களுக்கும் பங்குண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதுதான் வகுப்பறை. நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். பாடசாலை திறந்த பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. அடுத்த தவணையிலிருந்து அது நிற்கும். வீட்டுப்பாடம் கரும்பலகையில் எழுதப்படும், பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு வரும். ஆகவே "படிக்கத்தான் போன்" என்று இரவில் யாரும் கேட்கத் தேவையில்லை.

12 வயதுவரை ஒன்பது மணித்தியாலமாவது, அதற்கு மேல் எட்டு மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும். திரை வெளிச்சம் தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது; போனை வைத்த பிறகும் உடனே கண் மூடாது. போன், கணினி விளையாட்டை நிறுத்த முடியாமல் போகும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இது வெறும் அடம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். புத்தகப் பைக்குள் போன் இருந்தால் அது அலுவலகத்தில் வைக்கப்படும். பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திருப்பித் தரப்படும். "அவசரத்துக்குக் கொடுத்துவிட்டோம்" என்ற விளக்கத்தை இனி ஏற்கமாட்டோம். அவசரம் என்றால் அலுவலகத் தொலைபேசி இருக்கிறது.

கோபத்தில் எழுதவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் உங்களுக்குப் பிள்ளையோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும், உங்களுடையதும்தான், சாமி அறையிலோ அலுமாரியிலோ போய்விடட்டும். பெரியவர்களும் வைத்தால்தான் பிள்ளை வைக்கும். விடுமுறையில் ஒரு நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போங்கள். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றாக இருக்காது. எது கூடச் சூடு என்று பிள்ளையே தண்ணீர் அள்ளிப் பார்த்துச் சொல்லட்டும்.

ஏற்கனவே வீட்டில் இப்படி ஒழுங்கு வைத்திருக்கும் பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. உங்கள் பிள்ளைகளைக் காலையில் பார்த்தாலே தெரிகிறது. மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வந்து பேசலாம். மூன்றாம் தவணையின் முதல் நாள் வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
அதிபர்
திருகோணமலை