படத்தைக் காட்டுங்கள், தீர்ப்பை எங்களிடம் விடுங்கள்: திரைப்படச் சங்கங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய நண்பர்களே,

வணக்கம். சொந்தக் காசைப் போட்டு, வாடகைக்கு அரங்கு பிடித்து, நாற்காலிகளை நீங்களே அடுக்கிப் பழைய தமிழ்ப் படங்களைத் திரையிட்டு வருகிறீர்கள். தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்த்த படங்களை இருட்டில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு என் போன்றோருக்கு உங்களால்தான் கிடைத்தது. அந்த நன்றி எனக்கு நிறைய உண்டு. நன்றி இருப்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

படம் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறீர்கள். ஒருவர் மேடையேறிக் காவியம் என்கிறார். அடுத்தவர் மைல்கல் என்கிறார். இனி இப்படியொரு படம் வரவே வராது என்று மூன்றாமவர் முடித்து வைக்கிறார். அதற்குப் பிறகுதான் விளக்கு அணைகிறது. படம் முடிந்ததும், சலிப்படைந்தவர்கள் அதைச் சொல்லக் கூசி, ரசனை தங்களுக்குத்தான் போதவில்லையோ என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுடைய ரசனையில் குறை இல்லை. நாம் செவ்வியல் என்று கொண்டாடும் தமிழ்ப் படங்களில் பல, அவற்றின் புகழுக்கு ஈடாக நிற்பதில்லை. இதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் அரங்காக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

புகழுக்கும் படத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது? நம் பழைய படங்களை நாம் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம் என்பது என் எண்ணம். வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டோம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டோம். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேர ஒலிச்சித்திரமாகச் சுருக்கியவர்கள் தொய்வான இடங்களை எல்லாம் வெட்டி எறிந்து, உருக்கமான வசனங்களையும் பாடல்களையும் மட்டும் கோத்துக் கொடுத்தார்கள். நம் நினைவில் தங்கியது அந்தக் கோவைதான். 'திருவிளையாடல்' (1965) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாகேஷின் தருமி வரும் பகுதி இன்றும் துளி வாடவில்லை. தாட்சாயணியும் மீனவப் பெண்ணும் வரும் பகுதிகளில் அரங்கம் எப்படி நெளிகிறது என்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

'பராசக்தி'யைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சில் எல்லோரும் தயங்கும் இடம் அதுதான். 1952 தீபாவளிக்கு வந்த படம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். அது வெளிவந்தபோது தடை செய்ய வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அதன் வசனங்கள் இசைத்தட்டாக வந்தன, சிறு நூலாக அச்சாயின, தெருமுனைகளில் ஒப்பிக்கப்பட்டன. ஓர் அரசியல் இயக்கத்தின் வரலாற்றிலும் தமிழ் உரைநடை மேடையேறிய வரலாற்றிலும் அதன் இடத்தை நான் சிறிதும் குறைக்கவில்லை. திரையில் ஓடும் படமாக அது எப்படி இருக்கிறது என்பதே என் கேள்வி.

ரங்கூனிலிருந்து போர்க்காலத்தில் திரும்பும் குணசேகரன் சென்னையில் பணத்தைப் பறிகொடுக்கிறான். தங்கை கல்யாணியின் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான், தந்தையும் இறந்துவிடுகிறார், அவள் கைக்குழந்தையோடு தனித்து நிற்கிறாள். குணசேகரன் அவளைக் கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்தும் தன்னை யாரென்று சொல்லாமல் பைத்தியக்காரனாக நடித்துக்கொண்டு அவளைச் சுற்றி வருகிறான். அவள் இட்லிக் கடை வைக்கிறாள், ஒருவன் வம்புக்கு வருகிறான். வேலைக்குப் போன இடத்தில் இன்னொருவன் கையைப் பிடிக்கிறான். கடைசியில் கோயில் பூசாரி. பெற்ற குழந்தையை ஆற்றில் எறியும் நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். இவ்வளவு துயரத்தையும் அண்ணனின் ஒரே ஒரு சொல் தொடக்கத்திலேயே நிறுத்தியிருக்கும். 'நான்தான் உன் அண்ணன்' என்று அவன் சொல்லாததற்குப் படம் தரும் காரணம் அந்தத் துயரத்தின் பாரத்தைத் தாங்கவில்லை. அவன் சொல்லிவிட்டால், அவன் வாதாடும் அந்தப் புகழ்பெற்ற நீதிமன்றக் காட்சி இல்லை, ஆகவே சொல்லவில்லை.

அந்த நீதிமன்றத்தில் கல்யாணியும் பேசுகிறாள். பெற்ற பிள்ளையை ஏன் எறிந்தேன் என்று அவளே கூறுகிறாள். அதை மேடையில் ஒப்பித்த எவரையும் நான் கண்டதில்லை. பட்டினி கிடந்ததும் துரத்தப்பட்டதும் அவள், ஆனால் ஊர் மனப்பாடம் செய்தது அண்ணனின் வாதத்தை. இதில் படத்தின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்பதையும் நாம் பேச வேண்டும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடந்த திரையிடலில், நான் மேலே சொன்ன கேள்வியை ஒரு கல்லூரி மாணவி எழுந்து கேட்டார். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டார். மேடையிலிருந்தவர், 'அந்தக் காலத்தின் சூழலை அறியாமல் பேசக் கூடாதம்மா' என்று உட்கார வைத்துவிட்டார். அரங்கில் சிலர் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணை அதன்பின் எந்தத் திரையிடலிலும் நான் பார்க்கவில்லை. படம் பார்த்துவிட்டு இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவரை நாம் இழந்துவிட்டோம். இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

'அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடியும்' என்ற பதில் உண்மையும் அன்று. 'பராசக்தி' வந்து இரண்டு ஆண்டுகளில், 1954-இல், அந்தப் படத்தின் தயாரிப்பில் பங்கெடுத்த ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பாக 'அந்த நாள்' வந்தது. அதே சிவாஜி, அதே பண்டரிபாய், அதே ஒளிப்பதிவாளர் எஸ். மாருதிராவ். முன்னதில் வசனம் முடியும் வரை கேமரா கைகட்டி நிற்கிறது. பின்னதில் எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் அதே கேமரா நிழலைத் தேடிப் போகிறது, முகத்தைப் பாதி மறைக்கிறது, மனிதர்கள் பேசாத நேரத்திலும் கதையைச் சொல்கிறது. ஆட்களும் கருவிகளும் இருந்தன. வேறுபட்டது, படம் எதை நம்பியது என்பதுதான்.

இதைச் சொன்னதால் 'அந்த நாள்' குறையற்றது என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். அதற்கும் ஒரு தவறான புகழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாடல் இல்லாத படம், 'ராஷோமோன்' பாணிப் படம் என்று இரண்டு வரிகளில் அறிமுகப்படுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அகிரா குரோசாவா எடுத்த அந்த ஜப்பானியப் படத்தில் ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்பது நம் கைக்குச் சிக்குவதில்லை. 'அந்த நாள்' அப்படிப்பட்டதன்று. சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943-இன் பின்னணியில் ஒரு ரேடியோ பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் ஐயத்தைத் திருப்புகிறார், இறுதியில் உண்மை ஒன்றாகவே வெளிப்படுகிறது. இது துப்பறியும் கதையின் கட்டமைப்பு. 'ராஷோமோன்' என்று கேட்டுவிட்டு வருகிறவர் ஏமாந்துபோகிறார். முடிவை நெருங்கும்போது தேசபக்திப் பேச்சு நீள்வதால் கூடுதலாகவும் ஏமாறுகிறார். சிவாஜி என்ற புது நட்சத்திரத்தைத் தேசத்துரோகியாக நிறுத்திய துணிச்சலும், வீட்டின் படிக்கட்டையும் சுவரையும் நிழலால் நிரப்பிய ஒளிப்பதிவும் அவர் கண்ணில் படாமலே போகின்றன. படம் அன்று வசூலில் தோற்றது. இன்று அறிமுக உரையில் தோற்கிறது.

'சந்திரலேகா' (1948) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ காசை அள்ளி இறைத்து எடுத்த படம். முரசு நடனம் உலகத் தரமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முரசுகளைப் பிளந்துகொண்டு வீரர்கள் வெளிவரும் நொடியில் இன்றும் மெய்சிலிர்க்கிறது. அந்த நடனத்துக்கு வந்து சேர்வதற்குள் சர்க்கஸ் காட்சிகளைக் கடக்க வேண்டும். கதை நின்றுபோய் வித்தைகள் மட்டும் ஓடும் நீண்ட பகுதி அது. நடனத்தைத் தனித் துணுக்காகப் பார்த்து வியந்தவர்கள் முழுப் படமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வந்து களைத்துப்போகிறார்கள்.

கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) எனக்கு வேறு வகையில் வலி தருகிற படம். இளைஞன் பிரசன்னா தன்னைவிட மூத்த பைரவியை விரும்புகிறான். பைரவியின் மகள் ரஞ்சனி பிரசன்னாவின் தந்தையை விரும்புகிறாள். விக்கிரமாதித்தனிடம் வேதாளம் போடும் புதிராகவே படம் இதைச் சொல்கிறது. பார்க்காதவர்களுக்கும் இந்தப் புதிர் தெரியும், அதைக் கேட்டதுமே 'என்ன துணிச்சல்' என்கிறோம். எம்.எஸ். விஸ்வநாதனின் இசையும் ஸ்ரீவித்யாவின் கண்களும் அந்தத் துணிச்சலுக்குத் தகுதியானவை. வாணி ஜெயராமுக்கும் ஒளிப்பதிவாளர் லோகநாத்துக்கும் தேசிய விருதுகள் கிடைத்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கேள்வியைக் கேட்ட படம் பதில் சொல்லும் நேரத்தில் நழுவிவிடுகிறது. பைரவியைப் பிரிந்துபோன கணவன் பாண்டியன், திரையில் தோன்றும் 'சுருதி பேதம்' என்ற எழுத்துகளோடு திரும்பி வருகிறான். ரஜினிகாந்தின் முதல் படம் என்பதால் அந்தக் காட்சியை இன்று அரங்கம் கைதட்டி வரவேற்கிறது, அவன் வருகை கதைக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவன் நோயாளி, விரைவில் இறந்தும் போகிறான். அதன் பிறகு பைரவிக்கு எந்தத் தடையும் இல்லை. அப்போதும் மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அழகான ஒரு மேடைப் பாடலுக்குள் எல்லாம் ஒழுங்காக அடங்கிவிடுகிறது. வேதாளத்தின் கேள்விக்கு விடை சொல்லப்படவில்லை, கேள்வியே வாபஸ் பெறப்பட்டது. 'அரங்கேற்றம்' (1973) படத்திலும் குடும்பத்துக்காகத் தன்னை விற்ற லலிதாவை இறுதியில் பைத்தியமாக்கிவிட்டுத்தான் படம் நிம்மதி அடைகிறது. இவற்றைப் புரட்சிப் படங்கள் என்று நீங்கள் அறிமுகப்படுத்தும்போது அரங்கில் இருக்கும் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பின்வாங்கலைத்தான் நாம் முதலில் பேச வேண்டும். பாலசந்தரின் ஆற்றலை மதிப்பவர்களுக்கு அந்தக் கடமை கூடுதலாக உண்டு.

மதிப்பீடு மாறக் கூடாத ஒன்று என்று எவரும் எங்கும் விதிக்கவில்லை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. அந்த முதல் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1972-இல் முதல் பத்திலேயே இல்லை. 1962 முதல் 2002 வரை அசையாமல் முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' 2012-இல் 'வெர்ட்டிகோ'வுக்கு வழிவிட்டது. 2022-இல் சாந்தால் ஆக்கர்மான் என்ற பெண் இயக்குநரின் படம் முதலிடத்துக்கு வந்தது. வாக்களிப்பவர்கள் மாறினார்கள், பட்டியலும் மாறியது. உங்கள் இயக்கத்தின் பிறப்பும் குறை சொல்வதில்தான் தொடங்கியது. 1947-இல் கல்கத்தாவில் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சத்யஜித் ராய், மறு ஆண்டே, இந்தியப் படங்களில் என்ன குறை என்று கேட்டு ஆங்கில நாளிதழில் கட்டுரை எழுதினார். 'சந்திரலேகா' வந்த அதே ஆண்டு அது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தேய்ந்த பிரதி, கரகரக்கும் ஒலி, யாரோ எப்போதோ வெட்டிய காட்சிகள், இவற்றுக்கு அந்தப் படங்கள் பொறுப்பல்ல. நம் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) பிரதியே நம்மிடம் இல்லை. ஆகையால் நீங்கள் திரையிடும் பிரதி முழுமையானதா, எவ்வளவு நேரம் ஓடுவது, எங்கே அறுபட்டிருக்கிறது என்பதை மட்டும் முன்னுரையில் சொல்லுங்கள். அந்தத் தகவல் எங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். படத்தின் பெருமையை யாராவது பேசத்தான் வேண்டும் என்றால் படம் முடிந்த பிறகு பேசட்டும், முதல் ஆளாக அல்லாமல் கடைசி ஆளாக. பொன்விழா, வைரவிழா என்று வருகிறபோது பாராட்டுபவர்களோடு அந்தப் படம் தங்களைத் தொடவில்லை என்று சொல்லக்கூடிய ஒருவரையாவது மேடைக்கு அழையுங்கள்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. 'பராசக்தி'யையும் 'அந்த நாள்' படத்தையும் ஒரே நாளில், காலையில் ஒன்று மாலையில் ஒன்று எனத் திரையிடுங்கள். நடுவில் உரை எதுவும் வேண்டாம், மதிய உணவு மட்டும் போதும். மாலையில் விவாதத்தைத் தொடங்கும்போது ஒலிவாங்கியை இருபது வயதுக்காரர்களிடம் முதலில் கொடுங்கள். நாற்காலி அடுக்கவும் ஆள் திரட்டவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்கு நெடுநாளாக வந்துகொண்டிருக்கும் ஒரு பார்வையாளர்