கூழ்மரம் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

காகிதக் கூழுக்காக நம் வயல்களில் வெட்டப்படும் சவுக்கும் தைலமரமும் போய்ச் சேரும் ஆலையைப் பற்றி உறுப்பினர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பாலும் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைப் பற்றியே பேசினோம். மாநில அரசு 1979-இல் தொடங்கிய இந்நிறுவனம், 1984-இல் ஆண்டுக்கு 90,000 டன் திறனுடன் உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது இயந்திரம் நிறுவப்பட்டபின் 1996-இல் அத்திறன் 1,80,000 டன்னாக உயர்ந்தது. மூன்றாவது இயந்திரம் வந்தபின் 2011-இல் 4,00,000 டன்னை எட்டியது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2,00,000 டன் திறனுள்ள காகித அட்டை ஆலை 2016-இல் இயங்கத் தொடங்கியது.

இந்த ஆலை மரத்தை நம்பிப் பிறந்ததன்று, கரும்புச் சக்கையை நம்பிப் பிறந்தது. சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக அவற்றுக்கு நீராவியோ நிலக்கரியோ கொடுப்பது என்ற ஏற்பாடுதான் அதன் அடித்தளம். அரவைப் பருவம் சில மாதங்களே. காகித இயந்திரமோ ஆண்டு முழுதும் ஓடவேண்டும். ஆகவே, நார் ஆகாத பஞ்சு போன்ற உட்பகுதியைப் பிரித்துக் கொதிகலனுக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய சக்கையை மலைபோலக் குவித்து, அது கெட்டுப்போகாமலும் தீப்பற்றாமலும் இருக்க ஓயாமல் நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலிலிருந்து வடியும் புளித்த நீரிலிருந்து எரிவாயு எடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்குப் பயன்படுத்துகிறார்கள். கூழ் வேகவைத்த கருநீரைச் சுண்டவைத்து எரித்து, அதிலுள்ள, கூழ் வேகவைக்க உதவும் சோடாக் காரத்தை மீட்கிறார்கள். அவ்வேலையில் மிஞ்சும் சுண்ணாம்புக் கசடும் கொதிகலன் சாம்பலும் ஆலையின் சொந்தச் சிமெண்டாகின்றன. சுத்திகரித்த கழிவுநீரும் சுற்றுவட்டார நிலங்களுக்குப் பாசனமாகிறது.

சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் தயாரித்து விற்கத் தொடங்கியதும், மழை பொய்த்த ஆண்டுகளில் கரும்புப் பரப்பு சுருங்கியதும் சேர்ந்து சக்கைக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்கின. நம் மரத்துக்கு மவுசு வந்தது அதன்பின்னர்தான் என்பது செயலாளரின் கருத்து. 2004 முதல் நிறுவனமே பண்ணைக் காடு வளர்ப்புத் திட்டத்தை நடத்தி, தேர்ந்தெடுத்த தாய்மரத்தின் துண்டிலிருந்து வளர்த்த குளோன் நாற்று கொடுத்து, மரத்தைத் திரும்ப வாங்கிவருகிறது. எனினும் மரத்தின் தேவை சக்கை வரத்தோடும் கட்டுண்டிருப்பதால், கரும்பு விளைச்சல் நன்றாயிருக்கும் ஆண்டில் மரத்தின் விலை அப்படியே நிற்கும் என்று கணக்குப்போட்டு முழு நிலத்தையும் சவுக்குக்கு ஒதுக்குவது விவேகமாகாது. ஒப்பந்தமின்றி நட்டு, வெட்டும் நேரத்தில் தரகர் கேட்ட விலைக்கே கொடுக்க நேர்ந்ததாகச் சிலர் கூட்டத்தில் வருந்திச் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆகவே, வரும் பருவத்தில் நடவிருப்போர் நாற்றுக்குப் பதியும்போதே கொள்முதல் ஒப்பந்தத்தையும் எழுதிக்கொள்ளவும், பட்டை உரித்த மரத்துக்கும் உரிக்காத மரத்துக்கும் உரிய விலையைத் தனித்தனியே கேட்டறியவும், எடைச்சீட்டின் நகலைச் சங்கத்தில் ஒப்படைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.