சித்திரைக்கு வரும்போது

அன்பின் குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மழை இல்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவுதான், மற்றபடி சுகம்.

புதுவருஷ லீவுக்கு மகனோடு வந்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் வள்ளம் எடுத்துத் திலாப்பியா பிடிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக வா. ஆனால் மச்சான், பழைய மஸ்கெலியா டவுனே அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது என்பதை மறந்துவிடாதே. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே வரும், சனம் பார்க்கப் போகும். கண்ணுக்குத் தெரிகிற சுவரால் பயமில்லை, ஒரு முழத் தண்ணீருக்குக் கீழே நிற்கிற சுவரும் மரக்கட்டையும்தான் வள்ளத்தைப் புரட்டும். கரையையும் நம்பாதே, மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் சேறு.

உனக்கு நீச்சல் தெரியும், சரி. ஆனால் 4,000 அடிக்குக் கிட்ட உயரத்தில் இருக்கிற தண்ணீர் அது, விடியற்காலையில் திடீரென்று விழுந்தால் குளிரில் மூச்சு தன்னால் இழுக்கும், அந்த இழுப்பிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும், நல்ல நீச்சல்காரனுக்கும் இதே கதிதான். அதனால் லைப் ஜாக்கெட் போடாமல் வள்ளத்தில் ஏறக்கூடாது. உட்காருவதற்கு அடியில் போட்டுக்கொள்வது, முன்பக்கம் வாரைக் கட்டாமல் தொங்கவிடுவது எல்லாம் போடாததற்குச் சமம். மகனுக்குப் போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார், நாடியைத் தாண்டி ஏறினால் அது அவனுக்குப் பெரிது. சின்னப் பிள்ளைகளுக்குத் தொடைக்கு இடையில் ஒரு வார் வருகிற மாதிரிதான் நல்லது.

சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வந்துவிடும் என்று உனக்குத் தெரியாததா? காலையிலேயே போய்ப் பதினொரு மணிக்குள் கரை ஏறிவிடுவோம். தூரத்தில் இடி கேட்டாலும் தூண்டிலைச் சுருட்டிவிடவேண்டும், வெட்டவெளித் தண்ணீரில் உயரமாக இருப்பது நாம்தான். வள்ளத்தில் எழுந்து நின்று தூண்டில் வீசுவதும் வேண்டாம், தண்ணியடித்துவிட்டு ஏறுவதும் வேண்டாம், உன் மச்சினன் வந்தால் இதை அவருக்கு நீயே சொல்லிவிடு. அப்படியே கவிழ்ந்தாலும் வள்ளத்தை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தப் பார்க்காதே, பிடித்துக்கொண்டு மிதப்பதுதான் வழி. ஐந்து லீட்டர் வெற்று எண்ணெய்க் கேன் ஒன்றை மூடியை இறுக்கி நீளக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் அதைத்தான் வீசவேண்டும்.

தலவாக்கலைப் பக்கம் ஆற்றில் தூண்டில் போடும் ஆசை இருந்தால், மேல் கொத்மலை அணைக்குக் கீழே இறங்குவதை மட்டும் விட்டுவிடு. நாம் நிற்கிற இடத்தில் துளி மழை இருக்காது, மேலே பெய்த மழைக்கு வான்கதவைத் திறப்பார்கள். சைரன் கேட்டால் சாமானை அள்ளிக்கொண்டு நிற்காமல் மேலே ஏறிவிடவேண்டும்.

சரி, மகன் எத்தனை கிலோ என்று உடனே எழுது. ஜாக்கெட்டில் எடைக் கணக்கு போட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். இங்கே அவன் அளவுக்குக் கிடைக்காவிட்டால் நீ கொழும்பிலேயே வாங்கிக்கொண்டு வரவேண்டிவரும்.

அன்புடன்,
செல்வம்