நகரசபைச் செய்தி எழுதப்போகும் மகளுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு மகளே,

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரசபைச் செய்தி இனி உன் பொறுப்பு என்று அம்மா சொன்னாள். மனம் நிறைந்தது. முதல் வாரமே ஒரு வேலையை முடித்துவிடு. நம் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்பதை உன் ஆசிரியரிடம் எழுத்தில் கொடு. இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து நடந்த 1946 சாத்வீக எதிர்ப்பில் உன் ஆயா சிறை போனவள். வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று தனித்தனிச் சபை வைத்து, கறுப்பின மக்களை வெளியே நிறுத்தியது முச்சபை நாடாளுமன்றம்; 1984 ஆகஸ்டில் அதன் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி நம் வீட்டார் தெருத்தெருவாகப் போனார்கள். அன்று கூட வந்தவர்களில் சிலர் இன்று கவுன்சிலர்கள். அவர்கள் உன்மேல் வைத்திருக்கும் பாசம் உண்மைதான், ஆபத்தும் அதில்தான். எதிர்க்கட்சிக்காரர் தரும் தாளை நான்கு முறை சரிபார்ப்போம். மாமா என்று நாம் கூப்பிடுகிறவர் தந்தால் கை தயங்கும். அவர்களில் யாராவது போட்டியிடும் வார்டை வேறொருவர் எழுதட்டும்.

1903-இல் காந்தி தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஒரு தரப்பின் பத்திரிகை. அதை அது மறைக்கவில்லை. நீயும் மறைக்காதே.

டெண்டர்தான் உனக்கு முக்கியம். அது மூன்று குழுக்களைக் கடந்து வரும்: விவரம் வகுக்கும் குழு, மதிப்பிடும் குழு, முடிவெடுக்கும் குழு. மதிப்பிடும் குழு ஒருவரைப் பரிந்துரைத்து, முடிவெடுக்கும் குழு வேறொருவருக்குக் கொடுக்க நினைத்தால், அதை நகராட்சியின் தலைமை அதிகாரியான முனிசிபல் மேனேஜருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடிதத்தைத் தேடு. 2003 நகராட்சி நிதிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி கவுன்சிலர் எவரும் இந்தக் குழுக்களில் பார்வையாளராகக்கூட உட்காரக்கூடாது. "அந்தக் கூட்டத்தில் நானே இருந்தேன்" என்று ஒரு கவுன்சிலர் சொன்னால், அதுவே தனிச் செய்தி.

டெண்டர் இல்லாமல் வாங்கியவை நகராட்சிக் கொள்முதல் விதிகளின் 36-ஆம் விதியில் வரும். காரணம் பதிவாக வேண்டும், அடுத்த சபைக் கூட்டத்தில் அறிக்கை வைக்க வேண்டும், ஆண்டுக் கணக்கின் பின்குறிப்பிலும் இருக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படி. தொகை ஒத்துப்போகாத இடத்தில் நில். பெரும்பாலும் "அவசரம்" என்றே எழுதியிருப்பார்கள். பழைய ஒப்பந்தம் முடியும் தேதி மாதக்கணக்காகத் தெரிந்திருந்தால் அது அவசரமல்ல, திட்டமிடாமை. நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது, கணக்கு ஆகஸ்ட் 31-க்குள் தலைமைத் தணிக்கையாளருக்குப் போக வேண்டும், ஆண்டறிக்கை ஜனவரிக்குள் சபைக்கு வர வேண்டும்.

தாள் தர மறுத்தால், 2000-இன் தகவல் பெறும் சட்டத்தில் படிவம் 2 எழுது. "இது தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். டெண்டர் எண், கூட்டத் தேதி, எந்தக் குழுவின் குறிப்பு என்று கேள். 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. அனுப்பிய மின்னஞ்சலின் நகலைப் பத்திரப்படுத்து.

யாரைக் குறை சொல்லி எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் அவரிடம் பதில் கேள். கேள்விகளை எழுத்தில் அனுப்பு, நேரம் கொடு. மாலை ஐந்துக்கு அனுப்பிவிட்டு ஆறுக்கு "பதிலளிக்கவில்லை" என்று போடுவது நியாயமில்லை. நமக்கு ஆகாதவருக்கும் இதே அவகாசம்தான்.

சாப்பாட்டை விடாதே, கண்ணு.

அன்புடன்,
அப்பா