கல்பாசியும் கடல்பாசியும்

மண்டபம்,
புதன்கிழமை

அன்புள்ள செல்வம்,

பார்சல் வந்து சேர்ந்தது. இரண்டு தேன் பாட்டிலில் ஒன்றின் மூடி இளகி, பிரிக்கும்போதே கையெல்லாம் பிசுக்கு. எங்களுக்கு முன்பே எறும்புகள் ருசி பார்த்துவிட்டன. மிஞ்சிய பாட்டிலைப் பேரன் யாருக்கும் தருவதாக இல்லை.

கறிமசாலாவில் போடும் கல்பாசிப் பொட்டலம் பத்திரம். முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். முப்பது வருடமாகக் கடலில் பாசி எடுக்கிறவர். ஒரு துண்டை முகர்ந்துவிட்டு, “கடலே இல்லாத ஊரில் ஏது பாசி?” என்றார். மலையில் குறும்பர் பழங்குடியினர் மரப்பட்டையிலும் பாறையிலும் சுரண்டி எடுப்பது என்றேன். உடனே அடுத்த கேள்வி: “எடை யார் போடுகிறார்கள்?”

எனக்குச் சுருக்கென்றது. தேனெடுப்பவர் கொடிக்கயிற்றில் இறங்குவதையும், மேலே கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் நீ சொல்லச் சொல்ல எத்தனை முறை ரசித்திருக்கிறேன்! தராசைப் பிடிப்பவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லையே.

அக்கா பட்டவர், கேட்கிறார். விரல்களில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பது அவர் வேலை. துணி நைந்து பாறை கிழித்துக் கிழித்து, ரேஷன் கடை இயந்திரத்தில் அவர் ரேகை பல மாதம் விழுவதே இல்லை. கரையில் காயவைத்துக் கொடுத்தால் மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று வியாபாரி கழிக்கிறார். முன்பணம் வாங்கியவர் வாய் திறக்க முடியுமா? அந்தப் பாசியிலிருந்துதான் இனிப்பை உறையவைக்கும் அகர் அகர் எடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கம் கடல்பாசி காய்ச்சாத வீடு அபூர்வம்.

உங்கள் மலைமக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலை உடைமை என்றே எழுதித் தந்திருக்கிறது. தேன், மெழுகு, மூங்கில் எல்லாம் பேர் சொல்லி அதில் வருகின்றன. தாளில் இருப்பது கைக்கு வர எத்தனை அலைச்சல் என்பதும் உன் கடிதங்களில் படித்ததுதான். இங்கேயோ, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவானபின், பாசிக்குப் போகிறவர்கள் வனத்துறைப் படகைப் பார்த்துப் பதுங்க வேண்டியிருக்கிறது. ஆம், கடலுக்குக் காவல் வனத்துறை! மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, நடுவில் சில மாதம் வளர விடுவது என்று அந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழிக்க வந்தவர்கள் செய்கிற காரியமா அது?

வனப்பொருள் சேகரிப்பவர்களைக் குழுக்களாகச் சேர்க்கும் அரசுத் திட்டம் பற்றி நீ எழுதிய வன் தன் மையக் கணக்கு, 20 பேர் கொண்ட 15 குழுக்கள் சேர்ந்து 300 பேர், நன்றாகத்தான் இருக்கிறது. (தமிழில் ஒரு பேர் வைத்திருக்கலாம்.) என்னைக் கேட்டால், 300 பேரைச் சேர்ப்பதற்கு முன்பு சொந்தமாக ஒரு தராசும், முன்பணக் கடனை அடைக்கக் கொஞ்சம் கைமுதலும் வேண்டும். சரக்கை இருப்பு வைத்து, விலை ஏறும்போது விற்கிறவர்கள் உங்கள் பக்கம் இருக்கிறார்களா? அந்த இடைவெளியில் அரிசிக்கு என்ன செய்கிறார்கள்? விவரமாக எழுது. அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பதிலுக்கு ஓலைப்பெட்டியில் இரண்டு கிலோ கருப்பட்டி அனுப்புகிறேன். மூடி இளகும் பயமில்லை.

அன்புடன்,
ராசு