ஸ்பிரிங்கை அறுப்பது சிக்கனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் காரின் உயரத்தைத் தாழ்த்துவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரை, காரின் எடையைத் தாங்கும் காயில் ஸ்பிரிங்கில் (சுருள் வில்லில்) ஒரு சுற்றை அறுத்துவிட்டால் காசில்லாமல் வேலை முடிந்துவிடும் என்ற தொனியில் எழுதப்பட்டிருந்தது. கையில் பணம் குறைவாக உள்ளவர்களே இந்த யோசனையை நம்பி இறங்குவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அறுத்த ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், நடப்பது நேர்மாறு. சுற்றுகள் குறைந்தால் விறைப்பு கூடும். தாழ்ந்த காருக்கு விறைப்பு சற்றுக் கூடுவது நல்லதே. அந்த அளவில் கட்டுரையாளர் பக்கம் நியாயம் உண்டு. சிக்கல் நீளத்தில் இருக்கிறது. ஜாக்கியில் காரைத் தூக்கும்போதோ, மேடு ஒன்றைத் தாண்டுகையில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதோ ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு விரியும். குட்டையாகிப்போன ஸ்பிரிங் அந்த நீளத்தை எட்டாமல், தான் அமரும் தட்டில் லொடலொடவென்று ஆடும், சில வேளைகளில் இடம் விலகியும் அமரும். முனை உட்பக்கமாகச் சுருங்கி வரும் வகை ஸ்பிரிங்கில் அந்த முனையை அறுத்தால், தட்டில் பொருந்த வேண்டிய பகுதியே போய்விடும். கேஸ் நெருப்பில் சூடாக்கி அமரவைப்பது இதனினும் கேடு. எஃகின் பதம் போனபின் எவ்வளவு தாழும் என்பது யார் கையிலும் இல்லை.

அளவான தொகை வைத்திருப்பவர், அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட லோயரிங் ஸ்பிரிங்குகளை வாங்கி, 25 முதல் 35 மி.மீ. வரை தாழ்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்து, உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர்களில் மிக மலிவானவற்றைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் முதல் செலவு அதற்குத்தான். காசு செலவாகாத ஒரு வேலையும் உண்டு: ரப்பர் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, காரைத் தரையில் இறக்கி எடை சக்கரங்களின் மேல் நின்ற பிறகே கடைசியாக முறுக்க வேண்டும், தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

வீல் அலைன்மென்ட்டைத் தவிர்க்கவே முடியாது. கார் தாழும்போது பெரும்பாலான மாடல்களில் சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வதோடு டோ அளவும் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுவதால், வெளியிலிருந்து பார்க்கப் பட்டன் (தரையைப் பற்றும் மேடுகள்) குறையாத டயரின் உள்விளிம்பில் கம்பி தெரியத் தொடங்கியிருக்கும். முகப்பு விளக்குகளின் கோணத்தையும் அப்போதே சரிபார்ப்பது நல்லது.

கட்டுரை அறவே விட்டுவிட்டது பிரேக்கை. சில பழைய கார்களில், ஏற்றியுள்ள பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் அச்சோடு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் தாழ்ந்த காரை அது பாரம் ஏற்றிய காராகவே எடுத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது, குறிப்பாக ஈரச் சாலையில், அவை முன் சக்கரங்களுக்கு முன்பே சுழலாமல் பூட்டிக்கொண்டு காரைச் சுழற்றிவிடக்கூடும்.

கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், இந்த வால்வை மீண்டும் அளவமைக்கும் முறையையும், அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்குக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்